ஆலாவின் காலில் ஒரு கடிகாரம்

ஆர்க்டிக் ஆலா என்னும் சிறிய கடற்பறவை ஆண்டுதோறும் வடதுருவப் பகுதியிலிருந்து அண்டார்டிகா வரை சென்று திரும்புகிறது என்கிறார்களே, கூடவே பறந்து பார்த்தவர் யார் என்று பள்ளி மாணவி ஒருவர் கேட்டிருந்தார். மிகவும் நியாயமான கேள்வி.

நெடுங்காலம் கால்வளையங்களே சான்றாக இருந்தன. வளையம் மாட்டிய இடமும் பறவை மீண்டும் அகப்பட்ட இடமும் தெரியவரும்; இடைப்பட்ட வழி தெரியாது. செயற்கைக்கோளுடன் தொடர்புகொள்ளும் கருவிகளோ, ஏறத்தாழ 100 கிராம் எடையே உள்ள ஆலாவுக்குத் தாங்க முடியாத சுமை. ஆகவே 2007ஆம் ஆண்டு கோடையில் கிரீன்லாந்திலும் ஐஸ்லாந்திலும் கூடுகட்டிய ஆலாக்களின் கால்களில், 1.4 கிராம் எடையுள்ள ஒளியளவுக் கருவிகளை ஆய்வாளர்கள் பொருத்தினார்கள்.

அந்தக் கருவிக்கு இருப்பவை ஓர் ஒளி உணரி, ஒரு கடிகாரம், சிறிது நினைவகம், ஒரு மின்கலம், அவ்வளவே. எங்கே இருக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது. எப்போது விடிந்தது, எப்போது இருட்டியது என்பது மட்டுமே தெரியும். அந்த இரண்டு நேரங்களே போதும் என்பதுதான் இம்முறையின் பேரழகு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆகஸ்ட் 20ஆம் தேதி, கிரீன்விச் நேரப்படி காலை 7.30க்கு விடிந்து இரவு 9.50க்கு இருட்டியதாகக் கருவி பதிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுநேரம் பிற்பகல் 2.40, அதுவே பறவையின் உச்சிவேளை. கிரீன்விச்சில் உச்சிவேளை ஏறக்குறைய 12 மணி. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆவதால், 160 நிமிடத் தாமதம் ஏறத்தாழ 40 பாகை மேற்குத் தீர்க்கரேகையைக் காட்டுகிறது. பகலின் நீளம் 14 மணி 20 நிமிடம். அந்தத் தேதியில் அவ்வளவு நீண்ட பகல் அமைவது வடக்கே 51 பாகை அட்சரேகையை ஒட்டித்தான். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம் வட அட்லாண்டிக்கின் நடுக்கடல்.

மார்ச், செப்டம்பர் மாதங்களின் சம இரவு நாள்களை ஒட்டி, உலகெங்கும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரமாகிவிடுவதால் அட்சரேகைக் கணக்கு பொய்த்துவிடும். உச்சிவேளையை நம்பும் தீர்க்கரேகை மட்டும் அப்போதும் நிலைத்து நிற்கும். விடியலை மேகம் மறைத்தாலும் கணக்கு பிசகும் என்பதால், குறித்த இடம் 100, 200 கிலோமீட்டர் தள்ளிப்போகலாம். பெருங்கடலைக் கடக்கும் பயணத்தில் அது பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழைதான்.

கருவி எதையும் அனுப்புவதில்லை; அதே பறவையை அடுத்த கோடையில் அதே கூட்டிடத்தில் மீண்டும் பிடித்தால்தான் தரவு கைக்கு வரும். எனவே ஓராண்டில் முடிவைக் கேட்கும் நிதித்திட்டங்களால் இத்தகைய அறிவு வளராது. அடுத்த ஆண்டும் அதே தீவுக்குச் சென்று காத்திருப்பதற்கும் பணம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அவ்வாறு காத்திருந்தவர்களுக்கு 11 பறவைகளின் பதிவுகள் கிடைத்தன. 2010இல் வெளியான முடிவுகளின்படி, ஓராண்டில் அவை பறந்த தொலைவு சராசரியாக 70,900 கிலோமீட்டர். தெற்கே செல்லும் வழியில், மேலே கணக்கிட்ட அதே நடுக்கடல் பகுதியில் ஏறத்தாழ 25 நாள் தங்கி அவை இரை தேடியிருக்கின்றன. பிறகு 7 பறவைகள் ஆப்பிரிக்கக் கரையோரமாகவும், 4 பறவைகள் பிரேசில் பக்கமாகவும் பிரிந்து சென்றன. திரும்பும்போதோ எல்லாமே நேர்வழியை விட்டு, காற்று வீசும் போக்கைத் தழுவி, அட்லாண்டிக்கின் மீது பெரும் வளைவாகப் பறந்து ஏறத்தாழ 40 நாளில் வடக்கே வந்து சேர்ந்தன.