பாக்சிங் படிக்கிற பிள்ளைக்கு எலும்பு எப்படி ஒடியும்?

கோயில் கொடைத் திருவிழா மாதம் வந்துவிட்டால் எலும்பு டாக்டரான எனக்கு நோட்டீஸ் வேண்டாம், எக்ஸ்ரே போதும். செவ்வாய்க்கிழமை எந்த ஊரில் கொடை, எந்த ஊரில் கரகாட்டத்துக்கு முன்னால் இடத்தகராறு என்பதெல்லாம் புதன்கிழமை காலையில் பாளையங்கோட்டையில் என் மேஜைக்கு வந்துவிடும்.

போன மாதம் வந்த தம்பிக்கு வயது பத்தொன்பது. ஒன்பது மாதமாக பாக்சிங் பயிற்சி. வலது கை பணியாரம் மாதிரி வீங்கியிருந்தது. நடுவிரல் மொளியில், அதாவது முஷ்டி மடக்கினால் மேடாகத் தெரிகிற மூட்டில், ஒரு சின்னக் காயம், அதில் காப்பித்தூள். சம்பவம் நடந்து மூன்று நாள் ஆகிவிட்டது. "பாத்ரூம்ல வழுக்கிட்டு சார்" என்றான். பாத்ரூமில் வழுக்கி விழுகிறவன் மணிக்கட்டை உடைப்பான் தம்பி. சுண்டு விரலுக்குக் கீழே உள்ளங்கை எலும்பின் கழுத்தை உடைக்கிறவன் எதையோ குத்தியிருக்கிறான். பீரோ, சுவர், இல்லாவிட்டால் இன்னொருவன் மண்டை. எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டியதும் உண்மை வந்தது: "ரெண்டே குத்துதான் சார்."

கூட வந்த அம்மா கேட்டதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. "பாக்சிங் படிக்கிற பிள்ளைக்கி எப்படிய்யா எலும்பு ஒடியும்? சத்து கொறைவா இருக்குமோ?"

இந்தக் கேள்வியை நான் நூறு முறையாவது கேட்டிருப்பேன். கால்சியம் மாத்திரையும் எழுதித் தரச் சொல்வார்கள். சத்தெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது அம்மா. இல்லாதது கிளவுஸ்.

கிளவுஸ் எதிராளியின் முகத்தைக் காப்பாற்றுவதற்கு என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது முதலில் காப்பாற்றுவது குத்துகிறவன் கையை. பாக்சர் முதலில் நாலரை மீட்டர் துணியை மணிக்கட்டிலும் விரல் மொளியிலும் இறுக்கிச் சுற்றுகிறான், அதற்கு மேல்தான் பத்து அவுன்ஸ் கிளவுஸ். அதாவது ஏறக்குறைய 280 கிராம். அந்தக் கட்டும் பஞ்சும் இருக்கிற தைரியத்தில்தான் முழு பலத்தோடு தலையைக் குத்துகிறான். வெறும் கையில் இருப்பது 27 சின்னச் சின்ன எலும்புகள். நெற்றி எலும்போ உடம்பின் கெட்டியான எலும்புகளில் ஒன்று. தாடையைப் பார்த்துத்தான் குத்துவீர்கள். எதிராளி பயத்தில் தலையைக் குனிவான், அது யாரும் சொல்லித்தராமலே வருவது. உங்கள் முஷ்டி போய் நெற்றியில் மோதும். பயிற்சியில் சுட்டு விரல், நடு விரல் மொளிகளால் நேராகக் குத்தப் பழகியிருப்பீர்கள். ஆத்திரத்தில் கை சுற்றி வரும்போது முதலில் போய் இடிப்பது சுண்டு விரல் பக்கம். இந்த முறிவுக்கு 'பாக்சர் முறிவு' என்றே எங்கள் பாடப்புத்தகத்தில் பெயர். பொருத்தமில்லாத பெயர். நல்ல பாக்சர்களிடம் இதை அதிகம் பார்க்க முடியாது.

நல்ல பாக்சருக்கும் வெறும் கை வெறும் கைதான். மைக் டைசன் 1988 ஆகஸ்ட்டில், உலக ஹெவிவெயிட் சாம்பியனாக இருந்தபோது, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் விடியற்காலை ஒரு துணிக்கடை வாசலில் இன்னொரு பாக்சரான மிட்ச் கிரீனோடு தெருவில் மோதினார். கிரீனின் கண் வீங்கி மூடியது. டைசனின் வலது கை எலும்பில் விரிசல் விழுந்தது, அடுத்த போட்டி தள்ளிப்போனது. டைசன் கைக்கே அந்தக் கதி.

நான் பாக்சிங்குக்கு விரோதி இல்லை. போட்டிகளில் ரிங் ஓரத்தில் டாக்டராக உட்கார்ந்திருக்கிறேன். பழகாத ஒருவன் சுற்றி வீசுகிற கை, பாக்சர் கண்ணுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். தள்ளி நிற்கத் தெரியும், ஒரு அடி விழுந்தாலும் பதறமாட்டான். இதெல்லாம் தெருவிலும் செல்லும். ஆனால் அந்தக் கண்ணையும் காலையும் விலகி வருவதற்குப் பயன்படுத்துகிற பிள்ளைகள் என்னிடம் வருவதில்லை. வருகிறவர்கள் எல்லாம் நின்று குத்தியவர்கள்.

"எம்.எம்.ஏ.வில் பாக்சிங்தானே சார் ஜெயிக்குது" என்று அந்தத் தம்பியே கட்டிலில் படுத்துக்கொண்டு போனைக் காட்டினான். சரி, பார்ப்போம். எம்.எம்.ஏ. என்றால் குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் சேர்ந்த கலப்புச் சண்டை. 2010-ல் பாஸ்டனில் நடந்த யூ.எஃப்.சி. 118 என்ற எம்.எம்.ஏ. போட்டி. ஜேம்ஸ் டோனி பல எடைப் பிரிவுகளில் குத்துச்சண்டை உலகப் பட்டம் வென்றவர். எதிரே மல்யுத்தத்திலிருந்து வந்த ராண்டி கூட்டூர். கூட்டூர் குனிந்து கணுக்காலைப் பிடித்தார், டோனி தரையில் கிடந்தார். முதல் சுற்றிலேயே கழுத்துப் பிடியில் முடிந்துபோனது. நம்மூர்க்காரனுக்கு இதை விளக்கவே வேண்டாம், கபடியில் தினமும் பார்க்கிற கணுக்கால் பிடிதான். பாக்சிங்கில் கட்டிப்பிடித்தால் நடுவர் வந்து பிரித்துவிடுவார், அதனால் பிடியிலிருந்து கீழே போடுவதையோ, கீழே விழுந்தால் என்ன செய்வது என்பதையோ அங்கே சொல்லித்தருவதில்லை. முன்காலில் எடை போட்டு நிற்கிற நிலை தொடையில் உதை வாங்க வசதியாக இருக்கும். எம்.எம்.ஏ. கிளவுஸ் நாலு அவுன்ஸ்தான். பெரிய கிளவுஸுக்குப் பின்னால் முகத்தை மறைத்துப் பழகியவனுக்கு அதில் சந்து சந்தாக அடி விழும். பாக்சிங் அங்கே ரொம்பவும் உதவும், ஆனால் தரைச்சண்டையையும் உதையையும் வருஷக்கணக்கில் படித்தவனுக்குத்தான்.

கொடை நடக்கிற ஊரில் எதிராளி கபடிக்காரனாக இருப்பான், அவன் அண்ணன் தம்பி நாலு பேர் கூட இருப்பார்கள். மணி அடித்து நிறுத்த ஆள் கிடையாது.

இப்போது அந்தச் சின்னக் காயம். அது எதிராளியின் பல். முஷ்டி மடங்கியிருக்கும்போது பல் மூட்டுக்குள் இறங்குகிறது. விரலை நீட்டியதும் மேல்தோலும் நரம்பும் நகர்ந்து வாசலை மூடிவிடும், வாயிலிருந்து வந்த கிருமி உள்ளேயே தங்கிவிடும். (நரம்பு என்று நீங்கள் சொல்வதைத்தான் சொல்கிறேன், எங்கள் பாஷையில் தசைநார்.) இரண்டு முறை மூட்டைத் திறந்து கழுவினோம். அன்று ராத்திரியே வந்திருந்தால் பெரும்பாலும் ஒரு கழுவலும் மாத்திரையுமாகப் போயிருக்கும்.

அதனால், பல் பட்ட காயத்தைக் குழாய்த் தண்ணீரிலும் சோப்பிலும் நன்றாகக் கழுவுங்கள். காப்பித்தூள், மஞ்சள்பொடி எதுவும் வேண்டாம். தையல் போடச் சொல்லி யாரிடமும் அடம் பிடிக்காதீர்கள், இந்தக் காயத்தை மூடக்கூடாது. கை வீங்குவதற்கு முன்னால் மோதிரத்தைக் கழற்றுங்கள். எண்ணெய் போட்டு உருவிவிட்டுக் கட்டு கட்டிக்கொண்டு பத்தாம் நாள் வராதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அடி வாங்கிக் கீழே விழுந்தவனையும் பாருங்கள். ரிங்கில் கேன்வாஸுக்கு அடியில் மெத்தை உண்டு, தெருவில் சிமெண்ட் ரோடு. பின்மண்டை அடிபட்டவன் எழுந்து நன்றாகப் பேசிவிட்டு, சில மணி நேரம் கழித்து வாந்தி எடுத்துச் சுருண்டுவிடலாம். "தண்ணியில கெடக்கான், காலையில சரியாயிரும்" என்று திண்ணையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். குடித்திருந்தாலும் ஸ்கேன் எடுத்துத்தான் முடிவு சொல்ல முடியும்.

போலீஸ் வேலைக்குத் தயாராகிற தம்பிகள் நிறையப் பேர் பாக்சிங் பழகுகிறார்கள். எலும்பு முறிந்தாலும் பல் உடைந்தாலும் சட்டத்தில் அது கொடுங்காயம், ஏழு வருஷம் வரை தண்டனை உண்டு. ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டில் எழுதத்தான் செய்வோம். மாமா போன் போட்டுச் சொன்னாலும் எழுதுவோம். வழக்கு நிலுவையில் இருந்தால் வேலைத் தேர்வில் என்ன ஆகும் என்பதை உங்கள் பயிற்சியாளரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேற்று அந்தத் தம்பி கட்டுப் பிரிக்க வந்தான். நடுவிரல் பாதிதான் மடங்குகிறது. "பயிற்சிப் பையில எப்ப சார் குத்தலாம்?" என்றான். முதலில் அந்தக் கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிடு, முடிந்ததும் வந்து காட்டு என்று அனுப்பியிருக்கிறேன்.