உமா, உமை, உமையாள்

செட்டிநாட்டுக் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துப் பெண்கள் பெயர்களை மட்டும் படித்துப் பாருங்கள். மீனாள், தெய்வானை, அழகம்மை, சிகப்பி, தேனம்மை, மெய்யம்மை, விசாலாட்சி, அப்புறம் உமையாள். மற்ற ஊர்களில் இதே தெய்வத்தின் பெயரை உமா, உமாதேவி, உமாமகேஸ்வரி என்று வைப்பார்கள். இங்கே உமையாள்தான். காரைக்குடியில் ஒரு கல்லூரியின் பலகையிலும் அப்படியே எழுதியிருக்கும்: டாக்டர் உமையாள் ராமநாதன் மகளிர் கல்லூரி. உமாவும் உமையாளும் ஒரே சொல்தானா, அதற்குப் பொருள் என்ன, தமிழில் எப்படிச் சொல்வது சரி என்று பெயர் வைக்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

குழந்தைப் பெயர்ப் புத்தகங்களில் உமா என்றால் ஒளி, புகழ், அமைதி, இரவு என்று போட்டிருக்கும். இவை வடமொழி நிகண்டுகளிலிருந்து வந்தவை. ஒரே சொல்லுக்கு ஒளியும் இரவும் பொருள் என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். தெய்வத்தின் பெருமைகளைப் பெயர்மேல் பின்னால் ஏற்றிச் சொன்னவை என்றுதான் எனக்குப் படுகிறது. அதே நிகண்டுகளில் மஞ்சளுக்கும் உமா என்று ஒரு பெயர் உண்டு. பெயர்ப் புத்தகக்காரர்கள் பெரும்பாலும் அதை விட்டுவிடுகிறார்கள். ஏனோ தெரியவில்லை, நம் வீடுகளில் மஞ்சளைவிட மங்கலமான பொருள் வேறென்ன இருக்கிறது?

வழக்கில் இருந்ததற்கு உறுதியான சான்று உள்ள பொருள் ஒன்று உண்டு. அது ஒரு பயிர். நாட்டு மருந்துக் கடையில் ஆளி விதை என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தச் செடி. நீலப் பூப் பூக்கும். விதையில் எண்ணெய், தண்டு நாரில் துணி. இதற்கு வடமொழியில் உமா என்று பெயர். எள், உளுந்து விளையும் நிலங்களைக் குறிக்கும் சொற்களை எப்படி ஆக்குவது என்று சொல்லும் பாணினியின் சூத்திரத்தில் உமாவும் பயிர்களில் ஒன்றாக வருகிறது. உமா விளையும் வயல் ‘உம்யம்’. தெய்வத்தின் பெயரும் இந்தச் செடியின் பெயரும் ஒரே வேரிலிருந்து வந்தவையா என்பது வேறு கேள்வி. ஒலி ஒன்றாக இருப்பதாலேயே உறவு என்று சொல்லிவிட முடியாது.

காளிதாசன் சொல்லும் பொருள்தான் எல்லாவற்றிலும் அழகு. குமாரசம்பவத்தின் முதல் சருக்கத்தில், மலையரசன் மகளை உறவினர்கள் குலப்பெயரால் பார்வதி என்று அழைத்தார்கள் என்கிறான். பிறகு அவள் தவம் செய்யக் கிளம்புகிறாள். தாய் மேனைக்கு மனம் கேட்கவில்லை. ‘உ, மா’ என்று தடுக்கிறாள். ‘உ’ கூப்பிடும் ஒலி, ‘மா’ வேண்டாம் என்பது. “அடியே, வேண்டாம்டி” என்று நம் ஆத்தாமார் சொல்வதுதான். அதிலிருந்து உமா என்ற பெயர் வந்தது என்று முடிக்கிறான். சொல்லாராய்ச்சியாக இது நிற்காது. கேன உபநிடதத்திலேயே, காளிதாசனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, இந்தப் பெயர் இருக்கிறது. வெற்றிச் செருக்கில் இருந்த தேவர்களுக்கு முன்னால் யட்சம், அதாவது இன்னதென்று தெரியாத ஒரு தெய்வ உருவம், தோன்றுகிறது. அது வைத்த துரும்பை அக்கினியால் எரிக்க முடியவில்லை, வாயுவால் அசைக்க முடியவில்லை. இந்திரன் அருகே போனதும் அது மறைந்துவிடுகிறது. அந்த இடத்தில் நின்று “அது பிரம்மம்” என்று சொல்லித் தருபவள் உமா ஹைமவதி. அதாவது உமா முதலில் வருவது ஆசிரியையாக. சிவனின் மனைவி என்று அந்தக் கதை சொல்லவே இல்லை.

இரண்டாம் நூற்றாண்டுக் குசான மன்னன் ஹுவிஷ்கனின் பொற்காசு ஒன்றில் அவள் சிவன் பக்கத்தில் நிற்கிறாள். கிரேக்க எழுத்தில் ‘ஒம்மோ’ என்று பெயர் பொறித்திருக்கிறார்கள்.

ஓம் என்ற பிரணவத்தின் அ, உ, ம என்ற மூன்று எழுத்தையும் மாற்றி அடுக்கினால் உ, ம, அ, அதாவது உமா, என்று சொல்லும் மரபும் உண்டு. அதைத் தேவி பிரணவம் என்பார்கள். அக்காடிய மொழியில் ‘உம்மு’ என்றால் தாய், நம்மிடம் அம்மா இருக்கிறது, ஆகவே உமாவும் அம்மாவே என்று சில அறிஞர்கள் ஊகித்ததும் உண்டு. ஊகமாகவே அதை வைத்துக்கொள்வது நல்லது. குழந்தை வாயில் ம எளிதாக வரும் என்பதால் பல மொழிகளில் தாய்க்கு அந்த ஒலிதான் அமைகிறது.

சரி, தமிழுக்கு வருவோம். திருமுருகாற்றுப்படையில் சிவனைச் சொல்லும்போது ‘உமையமர்ந்து விளங்கும் இமையா முக்கண்’ என்று வருகிறது. கலித்தொகையின் குறிஞ்சிப் பாட்டு ஒன்றும் ‘உமையமர்ந்து உயர்மலை இருந்தனனாக’ என்கிறது. இரண்டு இடத்திலும் உமை. தேவாரத்திலும் உமைபாகன், உமைபங்கன், உமையவள்.

இதன் விதியை 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் எழுதி வைத்தார். வடசொல் தமிழாவதைச் சொல்லும் சூத்திரம் ‘ஆ ஈறு ஐயும் ஈ ஈறு இகரமும்’ என்று முடிகிறது. ஆ என்று முடியும் வடசொல் தமிழில் ஐ என்று முடியும். சீதா சீதை, கங்கா கங்கை, ராதா ராதை, துர்கா துர்க்கை. ஈ என்று முடிவது இகரமாகும், கௌரீ கௌரி ஆனதுபோல. ஆகவே ‘உமாவுக்குத் தமிழ் என்ன’ என்று கேட்டால் ஒரு சொல்லில் விடை: உமை. புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை, சங்க நூலிலேயே தயாராக இருக்கிறது.

உமைக்குப் பின்னால் தமிழ்ப் பெண்பால் விகுதி சேர்ந்தால் உமையாள். அம்மை சேர்ந்தால் உமையம்மை. 17ஆம் நூற்றாண்டில் வேணாட்டை ஆண்ட ராணி ஒருத்திக்கு அந்தப் பெயர். கும்பகோணம் பக்கம் உமையாள்புரம் என்று ஓர் ஊரே இருக்கிறது, மிருதங்க வித்துவான் உமையாள்புரம் சிவராமனைக் கேட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செட்டிநாட்டுக் காதுக்கு இந்த ‘ஆள்’ பிடித்துப்போனது. மீனாட்சியை மீனாள் ஆக்கியதும் அதே பழக்கம்தான்.

அப்படியானால் உமா என்பது தவறா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழில் ஐ என்று முடியும் பெயரைக் கூப்பிடும்போது ஈறு நீளும். அன்னை அன்னாய் ஆகும், தங்கை தங்காய் ஆகும். அம்மை அம்மா ஆனதும், பழைய அக்கை அக்கா ஆனதும் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான். இன்று அந்த விளியே பெயராக நின்றுவிட்டது. வீட்டின் முன்பக்கத்து முற்றமான வளவிலிருந்து பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டுக்குக் கேட்கும்படி கூப்பிட உமையைவிட உமா வசதி. எழுத்தில் உமையாளும் வாயில் உமாவுமாக ஒரே பெண் வளர்வது இங்கே சாதாரணம்.

பெயர் இவ்வளவு காலம் உருமாறாமல் நின்றதற்கு வேறொரு காரணமும் உண்டு. நகரத்தார் என்னும் செட்டிநாட்டுச் செட்டியார் வீடுகளில் பேரப்பிள்ளைக்கு ஐயா, அப்பத்தா, ஆயா என்று தாத்தா பாட்டி பெயரை வைப்பது முறை. பேரன் என்ற சொல்லே பெயரன், பெயரைச் சுமப்பவன். அப்பத்தா உமையாள் என்றால் பேர்த்தியும் உமையாள். அதனால் இரண்டு தலைமுறைக்கு ஒருமுறை பெயர் திரும்பி வரும், புதுப் பாணிக்கு அதிகம் இடம் கிடையாது. ஆனால் மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லக்கூடாதே! பெற்ற மகளையே பெயர் சொல்லிக் கூப்பிட முடியாத நிலை. ஆத்தா, ஆச்சி என்றோ வேறு செல்லப் பெயரிலோ அழைத்துச் சமாளித்தார்கள். இப்போது இந்தக் கண்டிப்பு தளர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்று இருப்பது மட்டும் போகவில்லை.

உமா ஆண் பெயருக்குள்ளும் இருக்கிறாள். உமாபதி, உமாசங்கர், உமாமகேசுவரன். சைவ சித்தாந்த நூல்களான மெய்கண்ட சாத்திரம் பதினான்கில் எட்டை எழுதியவர் உமாபதி சிவாச்சாரியார். நம் பக்கத்துப் பிரான்மலையில் மேலே இருக்கும் சந்நிதியில் சிவனுக்கு மங்கைபாகர் என்று பெயர், உமைபாகனுக்கு நேர்த் தமிழ். அங்கே அம்மன் தேனம்மை. செட்டிநாட்டுத் தேனம்மைகள் அந்த மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள்.

வங்காளத்தில் உமா வீட்டு மகள். துர்க்கா பூஜை நாட்களில் அவள் கைலாயத்திலிருந்து பிறந்த வீட்டுக்கு வருகிறாள், தாய் மேனகை வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கிறாள் என்று பாடும் ஆகமனிப் பாட்டுகள் அங்கே உண்டு. விஜயதசமி அன்று அவளை அனுப்பிவைக்கும்போது பெண்கள் கண் கலங்குவார்கள். காளிதாசனின் ‘வேண்டாம்’ சொல்லும் தாயும் இவளும் ஒருத்திதான்.

இமயத்துக்கு அப்பால் போனால் சொல்லே வேறு. திபெத்திய மொழியில் உமா என்றால் நடு. பௌத்த ஞானி நாகார்ச்சுனரின் மத்தியமக நெறிக்கு, அதாவது நடுவழித் தத்துவத்துக்கு, அங்கே அந்தப் பெயர்தான். எழுதும்போது முன்னால் ஓரிரண்டு மெய்யெழுத்து வரும், வாயில் உமா. அமெரிக்க நடிகை உமா தர்மனின் அப்பா ராபர்ட் தர்மன், 1960களில் தலாய் லாமாவிடம் துறவு பெற்றுப் பிறகு பேராசிரியர் ஆனவர், மத்தியமக நூல்களை மொழிபெயர்த்தவர். அந்த வீட்டில் உமா என்று கூப்பிட்டால் பார்வதியும் நாகார்ச்சுனரும் சேர்ந்தே ஒலிப்பார்கள். மகளின் நடுப்பெயர் கருணா.

ஜப்பானில் உமா குதிரை. 2026 அவர்களுக்குக் குதிரை ஆண்டு, உமா தோஷி என்பார்கள். ‘தோஷி’ என்றால் ஆண்டு, நம் ஊர் தோஷத்தோடு சேர்த்துவிட வேண்டாம். சமையல் நிகழ்ச்சிகளில் இப்போது சொல்கிறார்களே உமாமி, அது இந்தக் குதிரை இல்லை. உமாய் என்றால் சுவையானது, அதிலிருந்து 1908இல் இகேடா கிகுனாயே என்ற வேதியியலாளர் வைத்த பெயர்.

கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வியாபாரம் செய்ய, போன நம் ஆட்கள் மலாயாவில் வீட்டை ‘ரூமா’ என்று கேட்டிருப்பார்கள். அதே சொல்லின் உறவு சுமத்ராவுக்கு மேற்கே மென்தாவாய்த் தீவுகளிலும் கிழக்குத் திமோரிலும் ‘உமா’. மென்தாவாயில் ஒரு குலமே சேர்ந்து வாழும் நீள வீடு உமா. திமோரில் முன்னோர்களின் பொருள்களை வைத்துப் போற்றும் வீடு ‘உமா லுலிக்’, புனித வீடு. பங்காளிகள் கூடிப் படைக்கும் நம் படைப்பு வீடு போலத்தான்.

தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் பக்கத்துப் பக்கத்து மொழிகள் இரண்டு, கெச்சுவாவும் ஐமாராவும். ஒன்றில் உமா தலை, மற்றதில் தண்ணீர். போர்த்துக்கீசியத்தில் பெண்பாலுக்கு ‘ஒன்று’. சுவாகிலியில் சாப்பிடும் முள்கரண்டி. எபிரேயத்தில் நாடு, தேசம். அரபியில் சமுதாயத்தைக் குறிக்கும் ‘உம்மா’ இதற்குச் சொந்தம். கீழக்கரைப் பக்கம் தாயை அழைக்கும் உம்மா, அரபியின் ‘உம்மு’ என்ற இன்னொரு சொல்லோடு சேர்ந்தது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

இதே குழப்பம் ஹுமாவிலும். பாரசீகக் கதைகளில் ஹுமா என்று ஒரு பறவை, அதன் நிழல் யார்மேல் விழுகிறதோ அவர் அரசராவார். அந்தப் பெயரில் வடக்கே பெண்கள் நிறைய. தமிழ் நாக்கு முதல் ஹகரத்தை விழுங்கிவிடுவதால் உமா என்று கேட்கும். இரண்டுக்கும் தொடர்பு கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்தது பர்மா. ஒரு காலத்தில் செட்டிநாட்டுப் பெட்டகங்களில் பாதிக் கணக்கு ரங்கூன் கணக்காகத்தான் இருந்திருக்கும். பர்மிய மொழியில் மரியாதைக்குரிய ஆணின் பெயருக்கு முன்னால் ‘ஊ’ போடுவார்கள், ஊ நூ, ஊ தாண்ட் என்பதுபோல. மாமன் என்று வேர்ப்பொருள். இளம்பெண்ணின் பெயருக்கு முன்னால் ‘மா’, அக்காள் என்று பொருள். காளிதாசன் உ என்றும் மா என்றும் பிரித்துப் போட்ட இரண்டு துண்டும் ரங்கூன் கடைவீதியில் ஐயாவும் அம்மணியுமாக நடந்து போயிருக்கின்றன.

பெயரை இன்னும் தமிழாக்க வேண்டும் என்று மலைமகள், மலையரசி என்று வைப்பவர்கள் உண்டு. நல்ல பெயர்கள்தான். ஆனால் அவை பார்வதியின் மொழிபெயர்ப்பு, உமையின் மொழிபெயர்ப்பு இல்லை. பார்வதி என்றால் மலைக்கு உரியவள் என்று பொருள் தெளிவாக இருக்கிறது, பெயர்க்கலாம். உமாவின் பொருளே தீராத வழக்கு, எதைப் பெயர்ப்பது? உமை, உமையாள் என்று ஒலியைத் தமிழாக்கி நிறுத்திக்கொண்ட பழைய வழிதான் சரியென்று படுகிறது.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். உமையாள் என்பதில் மை ‘ம’ போலக் குறுகி ஒலிக்கும், இலக்கணம் இதை ஐகாரக் குறுக்கம் என்கிறது. அதனால் பலர் உமயாள் என்றே எழுதிவிடுகிறார்கள், அது பிழை. ஆங்கிலத்தில் காதில் விழுந்தபடி யு, எம், ஏ, ஒய், ஏ, எல் என்று போடுவது இங்கே வழக்கம். மும்பையிலோ டெல்லியிலோ அதை ‘உமாயல்’ என்று படிப்பார்கள். முதல் ஏ-க்குப் பிறகு ஐ சேர்த்தால் ஓரளவு சரியாக வரும். ஆனால் பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் பாஸ்போர்ட்டில் ஒன்றுமாக இருந்தால் அலைச்சல். தொட்டில் போடும்போதே எந்த எழுத்து என்று வீட்டில் பேசி முடித்துவிட வேண்டும்.