விவாகரத்து வீதம்: எதை எதனால் வகுக்கிறோம்?

தூத்துக்குடியிலிருந்து காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு தோணிகள் போகிற மாலத்தீவு, உலகிலேயே விவாகரத்து வீதம் மிக அதிகமான நாடு என்று கின்னஸில் இடம்பிடித்தது. ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 10.97. மன்னார் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இலங்கையில் அதே வீதம் ஆயிரத்துக்கு அரைகூட வராது. திருநெல்வேலிச் சீமைக்குக் கடல்வழியில் இரண்டுமே அண்டை நாடுகள்தான். அப்படியானால் மாலத்தீவுக்காரர்கள் இலங்கைக்காரர்களைவிட இருபது மடங்கு ஒத்துப்போகாதவர்களா?

சட்டத்தைப் பார்த்தால் பாதி பதில் கிடைக்கும். மாலத்தீவில் 2001-இல் புதிய குடும்பச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை, கணவன் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே மனைவியை விலக்கிவிட முடிந்தது. பிரிந்த அதே ஜோடி மறுபடி மணப்பதும் மறுபடி பிரிவதும் அங்கே வெகு சாதாரணம். ஒவ்வொரு பிரிவும் கணக்கில் தனி விவாகரத்து. இலங்கையிலோ 1907-ஆம் ஆண்டின் திருமணப் பதிவுச் சட்டம் பெரும்பாலோருக்கு மூன்றே காரணங்களைத்தான் தருகிறது: துணைக்குத் துரோகம், வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், திருமணத்தின்போதே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. ‘எங்களுக்கு ஒத்துவரவில்லை, பிரிகிறோம்’ என்று இருவரும் சேர்ந்து கேட்க அந்தச் சட்டத்தில் இடமில்லை. மனம் முறிந்த எத்தனையோ பேர் காகிதத்தில் கணவன் மனைவியாகவே இருப்பார்கள். ஒரு நாட்டின் எண் ஒரே ஜோடியைத் திரும்பத் திரும்ப எண்ணியது, இன்னொன்றின் எண் முறிந்த ஜோடிகளில் பலரை எண்ணவே இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் போட்டால் அது எதைக் காட்டும்?

மீதிப் பாதி வகுத்தலில் இருக்கிறது. நாடுகளை ஒப்பிடும் பட்டியல்களில் பெரும்பாலும் வருவது மிக எளிய கணக்கு: ஓர் ஆண்டில் பதிவான விவாகரத்துகளை அந்த ஆண்டின் நடுப்பகுதி மக்கள்தொகையால் வகுத்து, ஆயிரத்தால் பெருக்குவது. இதைச் செப்பமிடாத வீதம் என்பார்கள். ஐ.நா. தொகுக்கும் ஆண்டேட்டிலும் இதுதான். பெரும்பாலான நாடுகளில் கிடைக்கக்கூடிய இரண்டு எண்கள் போதும் என்பதால் இதைக் கையாள்கிறார்கள். ஆனால் கீழே இருக்கும் மக்கள்தொகையில் கைக்குழந்தையும் உண்டு, கல்யாணமே ஆகாதவரும் உண்டு. விவாகரத்து ஆக வாய்ப்பே இல்லாத இவர்களெல்லாம் சேர்ந்து வீதத்தைக் கீழே இழுக்கிறார்கள்.

கற்பனையாக இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் பத்தாயிரம் பேர், இரண்டிலும் ஆண்டுக்கு 20 விவாகரத்து. செப்பமிடாத வீதம் இரண்டுக்கும் 2. முதல் ஊரில் பிள்ளைகள் அதிகம், தம்பதிகள் 2,000. இரண்டாவதில் பிள்ளைகள் குறைவு, தம்பதிகள் 3,000. ஆயிரம் தம்பதிக்கு என்று கணக்கிட்டால் முதல் ஊரில் 10, இரண்டாவதில் 6.7. ஒன்றுபோலத் தெரிந்த இரண்டு ஊர்களில் ஒன்று மற்றதைவிட ஒன்றரை மடங்கு. அதனால்தான் ஆய்வாளர்கள் மணமான பெண்கள் ஆயிரம் பேருக்கு எத்தனை என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் அந்த அளவு 1980-இல் 22.6 ஆக இருந்து 2022-இல் 14.6-க்கு இறங்கியது. விவாகரத்து ஏறிக்கொண்டே போகிறது என்று நாம் நினைக்கிற நாட்டில் நாற்பது ஆண்டாக அது இறங்குமுகம். அதே அமெரிக்காவின் தேசிய எண்ணிலும் ஓட்டை உண்டு. 2022-க்கான செப்பமிடாத வீதம் 2.4 என்பது 45 மாநிலங்களும் தலைநகரும் தந்த கணக்கு. கலிபோர்னியா உட்பட ஐந்து மாநிலங்கள் விவரமே அனுப்பவில்லை.

மக்கள்தொகை எப்படி ஏமாற்றும் என்பதற்கு வளைகுடா நாடுகளைவிடத் தெளிவான சான்று இல்லை. ராதாபுரத்திலிருந்தோ கடையநல்லூரிலிருந்தோ தோஹாவுக்குப் போய் கேம்பில் தங்கி வேலை பார்க்கிறவர் கத்தாரின் மக்கள்தொகையில் ஒருவர். அவருடைய கல்யாண வாழ்க்கை இங்கே ஊரில் இருக்கிறது. அது முறிந்தால் வழக்கு நடப்பதும் பெரும்பாலும் இங்கேதான். கத்தாரைப் பொறுத்தவரை வகுக்கும் எண்ணில் அவர் உண்டு, வகுபடும் எண்ணில் வரமாட்டார். இப்படிப்பட்ட ஆண்கள் லட்சக்கணக்கில் இருக்கிற நாட்டின் மொத்த வீதம் இயல்பாகவே சின்னதாகத் தெரியும். அந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும் தனியாகக் கணக்கிட்ட எண்ணைத் தேடி எடுத்தால்தான் ஏதாவது புரியும்.

செய்தித்தாள் தலைப்பில் அடிக்கடி வருவது இன்னொரு கணக்கு: நூறு திருமணத்துக்கு எத்தனை விவாகரத்து. இது மிக மோசமானது. போர்ச்சுகல் 2020-இல் நூற்றுக்கு 91 என்று வந்ததும், அங்கே பத்தில் ஒன்பது கல்யாணம் முறிகிறது என்று உலகமெங்கும் பரவியது. நடந்தது இதுதான். 2019-இல் அங்கே ஏறத்தாழ 33,300 திருமணங்கள், 20,400 விவாகரத்துகள். 2020-இல் பெருந்தொற்றால் திருமணங்கள் 18,900-க்குச் சரிந்தன. விவாகரத்துகளும் 17,300-க்குக் குறைந்தன. விவாகரத்து குறைந்த ஆண்டில் ‘விவாகரத்து விகிதம்’ 61-இலிருந்து 91-க்கு ஏறியது! 2020-இல் பிரிந்தவர்களில் பலர் பத்து, இருபது ஆண்டுக்கு முன்னால் கல்யாணம் செய்தவர்கள். அவர்களை அந்த ஆண்டு தாலி கட்டியவர்களால் வகுப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது. கல்யாணமே குறைந்துகொண்டு வரும் நாடுகளில், விவாகரத்து கூடாவிட்டாலும் இந்த விகிதம் மேலே போகக்கூடும். இந்த எண் எங்கே கண்ணில் பட்டாலும் தள்ளிவிடலாம்.

உண்மையில் நாம் தெரிந்துகொள்ள விரும்புவது, ஓர் ஆண்டில் கல்யாணம் ஆன ஆயிரம் ஜோடியில் கடைசிவரை எத்தனை ஜோடி பிரியும் என்பதைத்தான். அதற்கு அந்த ஆயிரம் ஜோடியையும் ஆண்டாண்டாகப் பின்தொடர வேண்டும். முதல் ஆண்டில் எத்தனை, ஐந்தாம் ஆண்டில் எத்தனை, பதினைந்தாம் ஆண்டில் எத்தனை என்று கூட்டிக்கொண்டே வர வேண்டும். இடையில் துணை இறந்துபோனவர்களைக் கழிக்க வேண்டும். சுவீடன் இதைச் சுலபமாகச் செய்கிறது. அங்கே 1947 முதல் ஒவ்வொருவருக்கும் தனி எண் உண்டு. பிறப்பு, திருமணம், பிரிவு, இறப்பு எல்லாம் அதே எண்ணில் ஏறும். அப்படியும் ஒரு குறை இருக்கிறது: திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழும் ஜோடிகள் அங்கே ஏராளம். அவர்கள் பிரிந்தால் அது விவாகரத்து ஆகாது.

முப்பது ஆண்டு காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. இந்த ஒரே ஆண்டில் மணமாகி ஓராண்டு ஆனவர்களிடையே எத்தனை விவாகரத்து, ஈராண்டு ஆனவர்களிடையே எத்தனை என்று எடுத்து எல்லாவற்றையும் கூட்டினால், இன்றைய போக்கு இப்படியே நீடித்தால் நூற்றுக்கு எத்தனை முறியும் என்ற மதிப்பீடு கிடைக்கும். ‘கல்யாணங்களில் பாதி விவாகரத்தில் முடிகிறது’ என்பதுபோன்ற பேச்சுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு மதிப்பீடுதான் இருக்கும். ‘இப்படியே நீடித்தால்’ என்ற நிபந்தனை மட்டும் பேச்சில் காணாமல் போய்விடும்.

நீடிக்காது என்பதற்கு இத்தாலி சான்று. விவாகரத்து கேட்பதற்குமுன் மூன்றாண்டு பிரிந்திருக்க வேண்டும் என்ற விதியை 2015-இல் அங்கே ஓராண்டாகவும், இருவரும் சம்மதித்தால் ஆறு மாதமாகவும் குறைத்தார்கள். 2014-இல் சுமார் 52,000 ஆக இருந்த விவாகரத்து 2015-இல் 82,000, 2016-இல் 99,000. வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கதவு திறந்தது, அவ்வளவுதான். அடுத்த ஆண்டே எண்ணிக்கை இறங்கத் தொடங்கியது. சீனாவில் நேர் எதிர். 2021 ஜனவரி 1 முதல், பதிவு அலுவலகத்தில் விண்ணப்பித்தவர்கள் 30 நாள் பொறுத்திருந்து மறுபடி வர வேண்டும் என்று விதி வந்தது. நீதிமன்றத் தீர்ப்புகளையும் சேர்த்து 2020-இல் சுமார் 43 லட்சமாக இருந்த விவாகரத்து 2021-இல் 28 லட்சமாயிற்று. ஒரே ஆண்டில் அத்தனை குடும்பங்கள் சமாதானமாகிவிட்டன என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. ஜப்பானில் பத்தில் ஒன்பது விவாகரத்துக்கு நீதிபதியே தேவையில்லை. இருவரும் கையெழுத்திட்டு, வயதுவந்த இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, நகராட்சி அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தால் முடிந்தது. பிலிப்பைன்ஸில் முஸ்லிம்கள் தவிரப் பெரும்பாலோருக்கு விவாகரத்துச் சட்டமே இல்லை, அதனால் அங்கே வீதம் என்று ஒன்றும் இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் விவாகரத்து ஒரு சதவீதம்தான், உலகிலேயே குறைவு என்று ஆண்டுதோறும் யாராவது பெருமையாகப் பகிர்கிறார்கள். எத்தனை விவாகரத்து நடக்கிறது என்று ஆண்டுதோறும் எண்ணும் தேசியப் பதிவேடே இந்தியாவில் கிடையாது. வகுபடும் எண்ணே இல்லாமல் சதவீதம் எங்கிருந்து வரும்?

நீதிமன்றத்தில் எண்ணலாமே என்று தோன்றும். குடும்ப நீதிமன்றத்தில் இந்துக்களின் திருமண வழக்கு எச்.எம்.ஓ.பி. என்ற எண்ணில் ஏறும், கிறிஸ்தவர்களுடையது ஐ.டி.ஓ.பி. என்று ஏறும். ஆனால் எச்.எம்.ஓ.பி. எல்லாம் விவாகரத்து மனு அல்ல. சேர்ந்து வாழ உத்தரவு கேட்கும் மனுவும், திருமணம் செல்லாது என்று அறிவிக்கக் கேட்கும் மனுவும் அதே வரிசையில்தான் வரும். மனைவி விவாகரத்துக் கேட்டு ஒரு மனு, கணவன் சேர்ந்து வாழக் கேட்டு ஒரு மனு, தனியாக ஜீவனாம்ச வழக்கு, வழக்கை வேறு ஊருக்கு மாற்றக் கேட்டு ஒன்று என ஒரே முறிவு நான்கு எண்களாகத் தெரியலாம். தாக்கலானதை எண்ணக் கூடாது, தீர்ப்பானதை எண்ண வேண்டும். அதுவும் பிந்திய கணக்கு. இந்து திருமணச் சட்டப்படி கல்யாணமாகி ஓராண்டு முடியும்வரை பொதுவாக மனுவே போட முடியாது. 13பி பிரிவில் சம்மதத்தோடு பிரிவதற்கும் ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். கூட்டு மனு போட்டபின் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். 2017-இல் உச்ச நீதிமன்றம், தகுந்த வழக்குகளில் இந்த ஆறு மாதத்தை விலக்கலாம் என்றது. கிறிஸ்தவர்களுக்குச் சம்மத விவாகரத்து என்பதே 2001 திருத்தத்தில்தான் வந்தது. ஒருவர் சம்மதத்தை இடையில் திரும்பப் பெற்றால் கூட்டு மனு விழுந்துவிடும். எதிர்த்து நடத்தும் வழக்கு பல ஆண்டு இழுக்கும். ஆகவே இந்த ஆண்டுத் தீர்ப்புகள் சொல்வது சில ஆண்டுகளுக்கு முன் உடைந்த குடும்பங்களைப் பற்றி.

மாவட்ட அளவில் ஒப்பிட நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாவட்ட மக்கள்தொகை 30.77 லட்சம். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது அதில் ஏறத்தாழ 14 லட்சம் போய்விட்டது. பழைய மக்கள்தொகையைக் கீழே வைத்துப் புதிய மாவட்டத்தின் வழக்குகளை மேலே வைத்தால், விவாகரத்து பாதியாகக் குறைந்துவிட்டதாகத் தெரியும். 1986-இல் தூத்துக்குடி பிரிந்ததையும் மறந்துவிட்டு நாற்பது ஆண்டு வரைபடம் போட்டால் அது வெறும் எல்லைக்கோட்டின் வரைபடம்.

நீதிமன்றப் படியே ஏறாத முறிவுகள்தான் இங்கே அதிகம். பெரியாட்களை வைத்துப் பேசி, நகையையும் சீர் சாமானையும் திருப்பிக் கொடுத்து, முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கித் தீர்த்துவிடுவது எல்லாச் சமூகத்திலும் உண்டு. ஜமாத்தில் முடிந்துபோவது ஜமாத் ஏட்டோடு நின்றுவிடும். திருச்சபைத் தீர்ப்பாயம் திருமணம் செல்லாது என்று சொன்னாலும் நாட்டுச் சட்டத்தில் அது விவாகரத்து ஆகாது. இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு, வழக்காறாக நிலைத்த மணமுறிவை ஏற்கிறது. ஆனால் அந்தச் சமூகத்தில் அப்படி ஒரு வழக்காறு தொன்றுதொட்டு உண்டு என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காவிட்டால் அந்த விடுதலைப் பத்திரம் வெறும் காகிதம், அதை நம்பிச் செய்த மறுமணம் செல்லாது. பென்ஷன், வாரிசுச் சான்று என்று வரும்போதுதான் இது வெளியே தெரிகிறது. அடிபடுவது பெரும்பாலும் பெண்ணும் அவள் பிள்ளைகளும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவர்களைத் தொட்டுப் பார்க்கிறது. 2011-இல் நாடு முழுவதும் விவாகரத்தானவர்கள் என்று பதிவானவர்கள் சுமார் 13.6 லட்சம். பிரிந்து வாழ்பவர்கள் சுமார் 35 லட்சம், அதாவது இரண்டரை மடங்கு. இரண்டு வகையிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம், ஏனென்றால் ஆண்கள் மறுமணம் செய்துகொண்டு அந்தக் கட்டத்திலிருந்து வெளியேறிவிடுகிறார்கள். இந்த எண்ணையும் ஐரோப்பிய நாடுகளின் ஆண்டு வீதத்தோடு ஒப்பிடக் கூடாது. அது ஓர் ஆண்டில் நடந்த நிகழ்வுகளின் எண்ணிக்கை, இது ஒரு குறிப்பிட்ட நாளில் அந்த நிலையில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை.

இந்த 35 லட்சமும் குறைத்துச் சொன்ன எண்ணாகவே இருக்க வேண்டும். கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று கேட்கும்போது பதில் சொல்வது வீட்டுப் பெரியவர். ஆறேழு ஆண்டாகத் தாய் வீட்டில் இருக்கும் மகளைப் பற்றி, “மாப்பிள்ளை வெளியூர்ல இருக்காவ” என்று சொல்லிவிட்டால் ‘தற்போது மணமானவர்’ என்று பதிவாகிவிடும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் உண்மையாகவே வேலை பார்க்கும் ஆண்கள் இவ்வளவு பேர் இருக்கிற சீமையில் யாரும் அதைச் சந்தேகிக்கப் போவதில்லை. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐக் குறிநாளாகக் கொண்டது. மணநிலைக்குச் சான்றிதழ் எதுவும் காட்ட வேண்டாம், சொல்வதைத்தான் எழுதிக்கொள்வார்கள். 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி அந்தப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட முடியாது, நடக்கிற வழக்குக்கு அதனால் எந்தப் பாதகமும் வராது. பிரிந்து வாழ்கிற பெண் தானே முன்வந்து ‘பிரிந்து வாழ்பவர்’ என்று சொல்லலாம்.