‘உம்’ கொட்டினால் சம்மதமா?

மண்டபம் முதல் தொண்டி வரை உள்ள கணவாய் மீன், நண்டு வியாபாரிகளுக்கு ஏற்றுமதிக் காகித வேலை பார்த்துக் கொடுக்கிறேன். வெளிநாட்டுக்காரர் பேச்சைத் தப்பாகப் புரிந்துகொண்டு நம்ம ஆள் மாட்டிக்கொள்வதில், இந்த வருஷம் இது நாலாவது கேஸ். எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

ஜப்பான்காரரோடு வீடியோ கால். நம்ம வியாபாரி அண்ணன் ஒருவர் ஓட்டுக்கணவாய்க்கு விலை சொன்னார். எதிரில் சத்தமில்லை, பத்து விநாடி இருக்கும். மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அதற்குள் கிலோவுக்கு 20 சென்ட் தானாகவே இறக்கிவிட்டார். அந்த மனுஷன் குறைக்கச் சொல்லவே இல்லை, குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்! நம்ம ஏலத்தில்தான் வாய் மூடினால் சரக்கு கைமாறிவிடும். அங்கே பேச்சுக்கு நடுவே மௌனம் சாதாரணம்.

அப்புறம் இந்த ஜப்பானிய ‘ஹாய்’. அகராதியில் ‘ஆமாம்’ என்றுதான் இருக்கும். ஆனால் நாம் பேசும்போது நடுநடுவே அவர் சொல்லும் ‘ஹாய்’க்கு ‘கேட்கிறேன், மேலே சொல்லுங்க’ என்பதுதான் பொருள். பாட்டி கதை சொல்லும்போது நாம் ‘உம்’ கொட்டவில்லையா? உம் கொட்டியதால் ராஜகுமாரியைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்துவிட்டோமா? ‘கென்தோ ஷிமாஸு’, அதாவது ‘பரிசீலிக்கிறோம்’ என்றால் பெரும்பாலும் வேண்டாம் என்று அர்த்தம். கடன் கேட்டு வருபவரிடம் ‘பார்க்கலாம்ணே’ என்று தினம் சொல்கிற ஊருக்கு இது புரியவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல்.

அமெரிக்கரிடம் தலைகீழ்க் கதை. மே மாதம் சரக்கு வருமா என்று அவர் கேட்டால், அவர் முகம் வாடக்கூடாதென்று நம்ம ஆள் ‘வரும் சார்’ என்பார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, குளிர்கிடங்கும் காலி. அவர் அந்த ‘வரும்’ என்பதைத் தேதியோடு ஒப்பந்தத்தில் ஏற்றிவிடுவார்.

விலை சொன்னதும் வாயை மூடுங்கள், தண்ணீர் குடியுங்கள். பேசிய அன்றே விலை, அளவு, தேதி மூன்றையும் மெயிலில் போடுங்கள். எழுத்தில் சம்மதம் வராமல் கன்டெய்னர் புக் பண்ணாதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

இதைப் படித்துவிட்டு ‘ஜப்பான்காரன் எல்லாம் இப்படித்தான்’ என்று கிளம்பாதீர்கள். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்புகளை வைத்து நாடுகளின் பண்பாட்டை ஒப்பிட்டு ஹாஃப்ஸ்டெட் என்ற டச்சு ஆய்வாளர் போட்ட கணக்கெல்லாம் நாட்டுச் சராசரிதான். முகத்துக்கு நேரே ‘விலை ஜாஸ்தி’ என்கிற ஜப்பானியரையும் எனக்குத் தெரியும்.

நேற்று அண்ணன் போன் பண்ணினார். “தம்பி, பரிசீலிக்கிறோம்னு மெயில் வந்திருச்சு. வண்டி சொல்லிரவா?”