விளக்கு எரிகிறது, செல்ஃப் சுற்றவில்லை: நெடுநாள் நின்ற லாரியில் மின்சாரம் எங்கே போகிறது?

ஓராண்டுக்கும் மேலாக வெயிலிலும் மழையிலும் நின்ற பழைய டீசல் லாரிக்குப் புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்புகிறோம். டேஷ்போர்டு விளக்குகள் பளிச்சென்று எரிகின்றன. என்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரிலிருந்து மட்டும் 'டக்' என்று ஒரு சத்தம் வந்து அடங்கிவிடுகிறது. விளக்குதான் எரிகிறதே, அப்படியானால் பழுது மோட்டாரில்தான் என்று முடிவுகட்டி அதைக் கழற்றிவிடுகிறார்கள். பல நேரங்களில் மோட்டாரில் ஒரு குறையும் இருக்காது.

விளக்கு எரிவது மின்சாரம் போதிய அளவு வருகிறது என்பதற்குச் சான்றாகாது. கனரக லாரிகள் பலவற்றில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். டேஷ்போர்டின் சிறு பல்புக்குத் தேவை ஏறத்தாழ 0.1 ஆம்பியர். செல்ஃப் மோட்டாரோ பல நூறு ஆம்பியர் இழுக்கும். வழியில் துருவேறிய ஓர் இணைப்பின் மின்தடை 0.01 ஓம் என்று வையுங்கள். பல்பு எரியும்போது அங்கே இழப்பு ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதே இணைப்பின் வழியே 400 ஆம்பியர் போனால் 4 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். அதாவது 1,600 வாட்: ஓர் இஸ்திரிப் பெட்டியைவிட அதிகமான சூடு, ஒரே ஒரு நட்டின் அடியில். 0.01 ஓம் அற்பமாகத் தோன்றலாம். 70 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிளில் அந்த அளவு மின்தடை வரவேண்டுமானால் 40 மீட்டர் நீளம் வேண்டும்.

மல்டிமீட்டரை வைத்து '24 வோல்ட் காட்டுகிறது, ஒயர் நன்றாக இருக்கிறது' என்று சொல்வதும் இதே தவறுதான். மீட்டர் மிக மிகச் சிறிய மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்கிறது. நூலிழை போல ஒரே ஒரு இழை மிஞ்சியிருக்கும் கேபிளிலும் அது முழு வோல்ட்டைக் காட்டிவிடும். எனவே சுமை ஏறும்போதே அளக்க வேண்டும். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். என்ஜின் பிடித்துவிடாதபடி, டீசலை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்து வையுங்கள். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்தின் மேலேயே வையுங்கள். அதைப் பிடித்திருக்கும் கிளாம்பின் மேல் வைக்கக் கூடாது. மறு முனை என்ஜின் பிளாக்கில், சுரண்டிப் பளபளப்பாக்கிய இடத்தில். இப்போது ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்குள் காட்டினால், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் பாதை நலம். மூன்று நான்கு வோல்ட் காட்டினால், கம்பத்திலிருந்து கிளாம்புக்கு, கிளாம்பிலிருந்து கேபிள் முனைக்கு என்று ஒவ்வொரு இணைப்பாக அளந்து போனால் திருடன் அகப்படுவான். பாசிட்டிவ் பக்கத்துக்கும் இதே முறைதான். இரு பாதைகளிலும் இழப்பு இல்லை, செல்ஃபின் முனையில் முழு வோல்ட்டும் வந்து நிற்கிறது, ஆனாலும் சுற்றவில்லை என்றால் அப்போது மோட்டாரைக் கழற்றலாம்.

என் கணிப்பில், நின்ற வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது எர்த். மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி வண்டியின் இரும்புச் சட்டமே. ஆனால் என்ஜின் அந்தச் சட்டத்தின் மேல் நேராக உட்காரவில்லை. ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் இணைப்பது ஒரு செப்புப் பின்னல் பட்டைதான். சேறும் ஈரமும் படும் இடத்தில் இருப்பதால் அது களிம்பேறிப் பொடியாகிறது. அல்லது சேஸிஸுக்குப் பெயின்ட் அடித்தபோது நட்டைக் கழற்றி, பெயின்ட் மேலேயே திருப்பி மாட்டியிருப்பார்கள். பட்டை அறுந்தால் மின்னோட்டம் வேறு வழி தேடும். என்ஜினையும் கேபினையும் தொடும் உலோகம் எதுவானாலும் அதற்குப் போதும்: ஆக்ஸிலேட்டர் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள். செல்ஃப் அடிக்கும்போது ஆக்ஸிலேட்டர் கேபிளின் உறை புகைகிறது என்றால், பழுது அறுந்த எர்த் பட்டையில். உலோகம் மின்னும்வரை சுரண்டி, பட்டையை இறுக்கி, அதன்பின் மேலே கிரீஸ் தடவ வேண்டும்.

சத்தத்தைக் கவனித்தாலும் பாதி விடை கிடைக்கும். மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த சுவிட்சான சாலினாய்டுக்குள் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று இரும்புத் தண்டை உள்ளே இழுக்க. மற்றொன்று இழுத்ததைப் பிடித்துவைக்க. 'டக டக டக' என்று விடாமல் அடித்தால் பேட்டரியில் வலு இல்லை, அல்லது இணைப்பு மோசம். தண்டு உள்ளே போய் மோட்டாருக்கு மின்சாரம் திறந்ததும் வோல்ட் சரிகிறது; சுருளுக்குப் பிடிப்பு போகிறது; ஸ்பிரிங் தண்டை வெளியே தள்ளுகிறது; சுமை நீங்கியதால் வோல்ட் ஏறி மறுபடியும் இழுக்கிறது. ஒரே ஒரு 'டக்' என்றால் மேலே சொன்னபடி இணைப்பு மோசமாக இருக்கலாம், சாலினாய்டின் உட்தொடுகைகள் கருகியிருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்து சிக்கியிருக்கலாம், அல்லது என்ஜினே இறுகியிருக்கலாம். சத்தமே இல்லையென்றால் சாவி சுவிட்சையும் அதிலிருந்து வரும் மெல்லிய ஒயரையும் பாருங்கள்.

பழைய பேட்டரியை வைத்தே முயல்வோருக்கு ஒரு சொல். ஈய-அமில பேட்டரி சும்மா இருந்தாலும் தானாக வடியும். வெப்பம் 10 டிகிரி கூடினால் வடியும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். வடிந்த நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப் படிகங்களாக உறைந்துவிடும். சார்ஜ் செய்தால் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடித்ததும் 7, 8 என்று விழும். இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியாக, செல்ஃப் அடிக்கும்போதே அளந்தால்தான் எது செத்தது என்று தெரியும்.

விளக்கு ஒயர்களில் எலி கடித்ததும் வெடித்த உறையும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஏமாற்றுவது வேறொன்று: இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து மினுக்கும். அந்த விளக்குக் கூட்டின் எர்த் அறுந்ததால், மின்னோட்டம் பக்கத்து பல்பின் இழை வழியாகத் தலைகீழாக வெளியேறுகிறது. ஒயரிங் முழுவதையும் மாற்றச் சொன்னால் இசையாதீர்கள். ஓர் எர்த் ஒயர் போதும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிக்காவிட்டால் கதை வேறு. டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி வேண்டாம். காற்றை ஏறத்தாழ 17-ல் ஒரு பங்காக அமுக்கும்போது எழும் வெப்பமே டீசலைப் பற்றவைக்கிறது. மெதுவாகச் சுற்றினால் அந்த வெப்பம் சிலிண்டர் சுவரில் வீணாகும். அமுக்கிய காற்றும் பிஸ்டன் ரிங் வழியே கசியும். ஆகவே நொண்டிச் சுற்றும் செல்ஃபும் என்ஜினைக் கிளப்பாது. இதற்கடுத்து ஸ்டாப் கேபிள் இழுத்த நிலையிலேயே துருப்பிடித்து நிற்கிறதா, டீசல் பம்பில் டீசலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் என்ற தண்டு இறுகிவிட்டதா என்று பாருங்கள். டீசல் குழாயில் காற்று புகுந்திருந்தால் கை பம்பை அடித்து வெளியேற்ற வேண்டும். இத்தனைக்கும் முன்பாக என்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பது கட்டாயம். சைலன்சர் வழியாக மழைநீர் சிலிண்டருக்குள் இறங்கியிருந்தால், தண்ணீர் காற்றைப் போல அமுங்காது; செல்ஃபின் வேகத்தில் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

வண்டி ஓடத் தொடங்கியும் பேட்டரி ஏறவில்லையா? பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரைக் கழற்றுமுன் டேஷ்போர்டின் சார்ஜ் விளக்கைப் பாருங்கள். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் சுருளுக்கு முதல் காந்தத்தைத் தரும் மின்னோட்டம் அந்தச் சிறு பல்பின் வழியாகத்தான் போகிறது. பல்பு பீஸாகியிருந்தால் நல்ல ஆல்டர்னேட்டரும் சார்ஜ் கொடுக்காது.