நாலு எண் போட்டுப் பார்த்தால் நிரூபணம் ஆகிவிடாது

இந்த வாரம் திருத்திய பத்தாம் வகுப்புத் தாள்களிலும் அதே தவறு. ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்திலிருந்து 1-ஐக் கழித்தால் எப்போதும் 8-ஆல் மீதியின்றி வகுபடும் என நிரூபிக்கச் சொல்லியிருந்தேன். பாதிப்பேர் 3, 5, 7, 9 போட்டு 8, 24, 48, 80 என்று எழுதி, கீழே ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டு, 'எனவே நிரூபிக்கப்பட்டது' என்று முடித்துவிட்டார்கள். ஏன் மதிப்பெண் இல்லை என்று ஒரு பையன் சண்டைக்கே வந்தான். "99 வரைக்கும் போட்டுப் பார்த்துட்டேன் சார், எல்லாமே வருது!"

101-க்கும் வரும் என்று யார் சொன்னது தம்பி?

ஒரு வட்டம் வரைந்து அதன் மேல் புள்ளிகள் வைத்து, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கோட்டால் இணைத்துப் பாருங்கள். 2 புள்ளிக்கு வட்டம் 2 துண்டாகும், 3-க்கு 4, 4-க்கு 8, 5-க்கு 16. ஆறுக்கு 32 என்று வகுப்பே கத்தும். எண்ணினால் 31தான். (சம இடைவெளியில் வைத்தால் மூன்று கோடுகள் மையத்தில் சந்தித்து 30 ஆகிவிடும், கொஞ்சம் தள்ளித் தள்ளி வையுங்கள்.) கணித மேதை ஆய்லரின் பெயரால் அறியப்படும் n² + n + 41 இன்னும் மோசம். 0 முதல் 39 வரை எதைப் போட்டாலும் பகா எண்தான் வரும், நாற்பது முறை நம்ப வைத்துவிட்டு n = 40-ல் 1681, அதாவது 41 × 41, வந்து நிற்கும்.

'சரிபார்க்க' என்றால் கொடுத்த எண்ணைப் போடுங்கள், போதும். 'நிரூபிக்க', 'நிறுவுக' என்றால் எண்ணுக்குப் பதில் n, k போன்ற எழுத்தைப் போட்டு எழுதுங்கள். கூற்று தவறு என்று காட்டத்தான் ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். வடிவியலில் 'படத்தில் 90° தெரிகிறது' என்று தயவுசெய்து எழுதாதீர்கள், கோணமானி சாட்சி சொல்ல வராது.

ஆசிரியர்களே, பாவம் என்று அரை மதிப்பெண் போடாதீர்கள். அந்த அரை மதிப்பெண்தான் பிள்ளையை அடுத்த வருடமும் இதையே எழுத வைக்கிறது.

எண் போட்டுப் பார்ப்பதே தப்பு என்று சொல்லவில்லை. அந்தப் பையனிடம் 8, 24, 48, 80 நான்கையும் 8-ஆல் வகுக்கச் சொன்னேன். 1, 3, 6, 10. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவன், "முக்கோண எண் சார்" என்றான் (1, 1+2, 1+2+3 என்று கூட்டிக்கொண்டே போனால் வருபவை). அப்புறம் ஒற்றைப்படை எண்ணை 2k+1 என்று வைத்து, (2k+1)² − 1 = 4k(k+1) என்று அவனே விரித்து, அடுத்தடுத்த இரண்டு எண்களில் ஒன்று கட்டாயம் இரட்டைப்படை, அதனால் 8-ஆல் வகுபடும் என்று எழுதி முடித்தான். மொத்தம் இரண்டே வரி.