மருந்தில்லாச் சிகிச்சையிலும் மீன் சாகும்: சால்மன் பண்ணைகளில் இருப்போருக்கு

கடந்த வாரமும் அதே அழைப்புதான் வந்தது. நார்வே கடற்கரையில் மீன் நல மருத்துவம் பார்க்கும் எவருக்கும் இது பழகிப்போன ஒன்று: சால்மனின் தோலில் ஒட்டி அதைத் தின்னும் கடல் பேன் என்ற ஒட்டுண்ணியை வெந்நீரில் நீக்கி நான்கு நாள்களாகியும் கடலில் மிதக்கும் வலைக்கூண்டில் சாவு நிற்கவில்லை, என்ன கிருமி என்று பார்த்துச் சொல்லுங்கள் என்பார்கள். செத்த மீன்களின் செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். இதழ்கள் வெளுத்து, நுனி தடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, மேலே சளி படர்ந்திருந்தது. நான்கு நாளில் அப்படித் தடிக்காது. சிகிச்சைப் படகு வந்து சேர்வதற்குப் பல வாரங்கள் முன்பே அந்த மீன்கள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தன. செவுளை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

இங்கே எனக்குப் பெரும் எரிச்சலை மூட்டுவது, மருந்து கலக்காத சிகிச்சை என்றால் மீனுக்குத் தீங்கில்லாத சிகிச்சை என்று படித்தவர்களே நம்புவதுதான். உண்மையில் நடப்பதைப் பாருங்கள். வலையை இழுத்து, ஆயிரக்கணக்கான மீன்களை ஒரு மூலைக்கு நெருக்கி, குழாய் வழியே படகுக்கு உறிஞ்சி, ஏழெட்டு டிகிரிக் கடலில் நீந்திக்கொண்டிருந்த மீனை 28 முதல் 34 டிகிரி வரை சூடேற்றிய நீரில் அரை நிமிடம் போல வைத்து, மறுபடி கடலில் விடுகிறோம். அந்நீரில் விழுந்ததும் மீன் தலையை உதறிக்கொண்டு தொட்டிச் சுவரில் மோதுகிறது. 28 டிகிரிக்கு மேல் சால்மன் காட்டும் இந்நடத்தை வலியின் அறிகுறியே என்று நார்வேயின் கடல் ஆராய்ச்சி நிறுவனம் 2019-இல் எழுதியது. வெந்நீருக்குப் பதில் நீரைப் பீய்ச்சியோ தூரிகையால் தேய்த்தோ பேன் நீக்கும் இயந்திரம் என்றால் செதில் உதிர்கிறது. குளிர்காலத்தில் செதில் உதிர்ந்த இடத்தில் மோரிடெல்லா விஸ்கோசா என்னும் பாக்டீரியா புகுந்து குழிப்புண் ஆக்கிவிடும். ஆரோக்கியமான மீன் இவற்றையெல்லாம் தாங்கி மீளக்கூடும். செவுளோ இதயமோ ஏற்கெனவே கெட்ட மீனால் முடியாது. ரசாயனம் இல்லை என்பது, கடலில் என்ன கலக்கிறது என்ற கேள்விக்கு மட்டுமே நல்ல பதில்.

இந்த நிலைக்கு நாம் வந்த வழியும் தெரிந்திருக்க வேண்டும். 1970-இல் நார்வேயின் ஹித்ரா தீவில் தொடங்கிய கூண்டு வளர்ப்பு, 1990-இல் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டன்னாகவும், 2012-இல் பன்னிரண்டு லட்சம் டன்னுக்கு மேலாகவும் பெருகியது. நாற்பது ஆறுகளின் மீன்களிலிருந்து தொடங்கிய இனத்தேர்வும் தீவன முன்னேற்றமும் அதற்குத் துணை நின்றன. தடுப்பூசிகளோ, 1987-இல் ஐம்பது டன்னை நெருங்கியிருந்த ஆன்டிபயாடிக் பயன்பாட்டை ஒரு டன்னுக்கும் கீழே இறக்கின; என் தொழிலில் நான் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் சாதனை அது. ஆனால் 2012-க்குப் பிறகு வளர்ச்சி தளர்ந்து, 2024 வரையிலும் பதினைந்து லட்சம் டன் அளவிலேயே நின்றது. காரணம் பேன். மருந்துகளுக்கு அது பழகிவிட்டதால் 2017-க்குள் இயந்திர, வெந்நீர் முறைகள் மருந்துகளை எண்ணிக்கையில் முந்திவிட்டன. அதே ஆண்டு முதல் கடற்கரை 13 உற்பத்திப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பண்ணைப் பேனால் காட்டுச் சால்மன் குஞ்சுகளுக்கு நேரும் சாவைப் பொறுத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் வழங்கப்படுகிறது; பச்சை என்றால் உற்பத்தியை 6 விழுக்காடு கூட்டலாம், சிவப்பு என்றால் 6 விழுக்காடு குறைக்க நேரும். இதற்கு மேல், ஒவ்வொரு பண்ணையிலும் சராசரியாக மீனுக்கு 0.5 வளர்ந்த பெண் பேன், வசந்தத்தில் 0.2 என்ற வரம்பும் இருக்கிறது. காட்டுச் சால்மனைக் காக்க வந்த இந்த விதிகளை நான் குறைசொல்லவில்லை. ஆனால் பேனை மட்டும் எண்ணி மீனை எண்ண மறந்தால் என்னாகும் என்பதற்கு, 2023-இல் கடல் கூண்டுகளில் செத்த 6.28 கோடிச் சால்மன்கள், அதாவது 16.7 விழுக்காடு, சான்று. இதில் பேன் சிகிச்சையின் பங்கு சிறியதன்று.

புதிய தொழில்நுட்பங்களில் எனக்கு நம்பிக்கை உண்டு. பேன் குஞ்சுகள் பெரும்பாலும் மேல்நீரில் மிதப்பவை என்பதால், கூண்டை ஆழத்தில் இறக்கி, மீன் காற்றுப்பையை நிரப்பிக்கொள்ள நீருக்கடியில் காற்றுக் குமிழ்க்கூடம் அமைப்பது நல்ல யோசனை. கேமரா பார்த்துக் குறிவைத்துப் பேனைச் சுடும் லேசரும், குஞ்சை அரைக் கிலோ வரை கரைத்தொட்டியில் வளர்த்துக் கடற்காலத்தைக் குறைப்பதும் அப்படியே. கூண்டின் மேற்பகுதியைச் சுற்றித் தார்ப்பாய் கட்டுவதும் பலன் தரும். ஆனால் நீரோட்டம் தடைபட்டு உள்ளே ஆக்சிஜன் விழுவதைக் கண்காணிக்க ஆள் வேண்டும். கரையிலேயே கடைசிவரை வளர்த்துவிட்டால் நோயே இல்லை என்று முதலீட்டாளர்கள் சொல்லும்போதுதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. கடல்நீரில் சல்பேட் உண்டு. தொட்டி மூலையிலோ குழாயிலோ காற்றுப்படாமல் கசடு தேங்கினால் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு பிறக்கும். லிட்டருக்குச் சில பத்து மைக்ரோகிராம் வந்தாலே போதும், தொட்டி ஒரே இரவில் காலியாகும்.

இனிச் செய்ய வேண்டியவை. சிகிச்சைக்கு நாள் குறிக்கும் முன் ஒவ்வொரு கூண்டிலும் சில மீன்களின் செவுளையும் இதயத்தையும் பாருங்கள். கேமராவில் மீன் நன்றாக நீந்துவதைப் பார்த்தேன் என்று தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். சிகிச்சைக்கு முன் மீனுக்குத் தீவனம் நிறுத்தும் பட்டினிக்கால நாள்களைக் குறைக்காதீர்கள். நெருக்கும் வலைக்குள் ஆக்சிஜனை அளந்துகொண்டே இருங்கள். முதலில் சிறிய தொகுதியைச் செலுத்தி, அது மீண்டதைப் பார்த்த பிறகே மற்றவற்றைத் தொடங்குங்கள். படகு வாடகை ஓடுகிறது என்பது தொடர்வதற்கான காரணமாகாது. ஒரு சிகிச்சையின் புண் ஆறும் முன் அடுத்ததை வைக்காதீர்கள். செவுள் கெட்ட கூண்டை முன்கூட்டியே அறுவடைக்கு அனுப்புவது இழப்புத்தான், ஆனாலும் அப்படி அனுப்பச் சொல்லும் மருத்துவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். இளைய பணியாளர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள்: கூண்டில் முதலில் கை வைப்பவர்கள் நீங்கள்தாம், செவுள் வெளுத்திருந்தால் மேலாளரிடம் வாய்ச்சொல்லாக விடாமல் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். அதே பதிவேட்டில், சிகிச்சைக்கு அடுத்த இரண்டு வாரங்களில் சாகும் மீன்களைக் ‘காரணம் தெரியவில்லை’ என்ற பத்தியில் போடாதீர்கள்.